பூச்சி தொடாத புல்வெளி

புல்லைப் பாத்து அழகா இருக்குன்னு சொல்றீங்களே சார், உங்களுக்குப் புல்லைப் பத்தி என்ன தெரியும்? கோவிச்சுக்காதீங்க. எனக்கும் கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. பச்சையா இருந்தா புல்லு, காஞ்சா சருகுன்னு நிம்மதியா இருந்தேன். இப்போ தெரியும். தெரிஞ்சுக்கிட்ட பலன்தான், இதோ, டிரங்குப் பெட்டியோட மேட்டுப்பாளையம் பஸ்ஸுல உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

நீங்களும் மேட்டுப்பாளையமா? அப்போ நேரம் இருக்கு. கேளுங்க. வேண்டாம்னாலும் சொல்லத்தான் போறேன். ஜன்னலோரம் உக்காந்தவங்க தப்பிக்க முடியாது.

என் பேரு தணிகாசலம். மலை மேல ஒரு கிளப் இருக்கு, பேரு சொல்ல மாட்டேன். நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல. அந்த கிளப்புக்கு நான் செயலாளர். இருபது வருஷத்துக்கும் மேல. அங்க மெம்பர் ஆகணும்னா வசதி மட்டும் பத்தாது சார், தாத்தாவும் மெம்பரா இருந்திருக்கணும். எங்க தாத்தா அரக்கோணம் பக்கத்துல ரயில்வே கேட்டை மூடித் திறந்தவர். அதனால நான் மெம்பர் இல்ல, செயலாளர். மெம்பரை விட ஒரு படி மேலன்னே வெச்சுக்கோங்களேன். அவங்க வருவாங்க, போவாங்க. நான் அங்கேயே குடியிருந்தேன். பின்பக்கம், பாய்லர் ரூமை ஒட்டி, எனக்குன்னே ஒரு வீடு. முன்வாசல் வழியா நான் போனதே கிடையாது. யாரும் தடுக்கல. எனக்குச் சமையக்கட்டு வழிதான் கிட்ட. பெரிய ஹால்ல உக்காந்ததும் கிடையாது. அந்த சோஃபாவெல்லாம் ரொம்பத் தாழ்வு. எனக்கு முதுகுவலி.

பிரசிடென்ட் பூபதி சார். ரெண்டு டீ எஸ்டேட், ஒரு மீசை. என்னை 'மிஸ்டர் சலம்'னுதான் கூப்பிடுவார். முழுப் பேரும் அவருக்குத் தெரியும், செல்லமா சுருக்கிட்டார். இருபது வருஷமா செல்லம்.

அந்த கிளப்புக்கு மானம், மரியாதை எல்லாமே முன்னாடி இருக்கிற புல்வெளிதான். ஸ்தாபகர் தன் கையால நட்ட புல்லுன்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் தன் கையால எதை நட்டான்னு நான் கேக்கல. அந்தப் புல்லுக்கு ஒரு மழைக்காலம் முடிஞ்ச கையோட படைப்புழு வந்துச்சு. மக்காச்சோளத்துக்கு வருமே, அந்தப் புழுவோட உறவு. சாயங்காலம் பச்சைக் கம்பளம், ரெண்டு மூணு நாள்ல தலை மொட்டை. மருந்தடிக்கலாம்னா, மெம்பருங்க வீட்டு நாய் அங்கதான் உருளும். நாய்க்கு ஒண்ணு ஆச்சுன்னா ஜெனரல் பாடி கூட்டம் கூடிடும்.

பூபதி சார் என்னைக் கூப்பிட்டு, "மிஸ்டர் சலம், இது என் பீரியட்ல நடக்கக் கூடாது"ன்னார்.

புழுகிட்ட அதைச் சொல்ல முடியுமா? அதனால நான் டாக்டர் ஹெப்சிபாவைத் தேடிப் போனேன். பக்கத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம். அந்தம்மா அங்க புல்லு டாக்டர். திருநெல்வேலிப் பக்கம். டாக்டருன்னா நாடி பிடிக்கிற டாக்டர் இல்ல, படிச்சு வாங்கினது. புல்லைப் படிக்கிறதுக்கு எவ்வளவு வருஷம் ஆகும்னு நினைக்கிறீங்க? மாடு பொறந்த அன்னிக்கே கத்துக்கிட்டதை இவங்க கல்யாணம்கூட பண்ணிக்காம படிச்சிருக்காங்க. நான் குறை சொல்லல.

வந்தாங்க, பாத்தாங்க, புல்லு ஒண்ணைப் பிடுங்கிக் கிழிச்சாங்க. "சார், இந்தப் புல்லுக்குத் துணை இல்ல"ன்னாங்க.

"துணையா? ஒரு ஏக்கர் நிறைய புல்லு இருக்கே டாக்டர், இன்னும் என்ன துணை?"

அப்போதான் விளக்கினாங்க. சில புல்லுக்குள்ள ஒரு பூஞ்சை குடியிருக்குமாம். காளான் ஜாதி. ஆனா வெளிய தலை காட்டாது. இலையில புள்ளி விழாது, அழுகாது. நூல் மாதிரி உள்ளேயே படுத்திருக்கும். புல்லு அதுக்குச் சோறு போடும். புல்லைக் கடிக்க வர்றவனுக்கு அது விஷம் வைக்கும். புல்லு பூத்து விதை கட்டினா, அந்த விதைக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு. வெளிய வர்றதே இல்ல.

வாடகை இல்லாம குடியிருந்துக்கிட்டு வாட்ச்மேன் வேலை பாக்குது! எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு சார். இப்படி ஒரு நன்றியுள்ள ஜீவனை நான் கேள்விப்பட்டதே இல்ல.

"டாக்டர், அதுல நாலு கிலோ குடுங்க. நம்ம ஸ்தாபகர் புல்லுக்குள்ள விட்டுடலாம்"னேன்.

சிரிச்சாங்க. படிச்சவங்க சிரிச்சா எனக்குப் பிடிக்காது.

"அப்படி விட முடியாது சார். எல்லாப் பூஞ்சையும் எல்லாப் புல்லோடயும் ஒத்துப் போகாது. இது ரைகிராஸ் புல்லோட பூஞ்சை. அதுங்க ரெண்டும் யுகக் கணக்கா ஒண்ணோட ஒண்ணு பழகினது. உங்க புல்லுல கொண்டு போய் வெச்சா, புல்லு அதை நோய்னு நினைச்சுக்கும். பூஞ்சை இருக்கிற இடத்துல தன்னையே கருக்கிக்கிட்டு அதைச் சாகடிச்சிடும். இல்லன்னா பூஞ்சை அடங்காம வளந்து புல்லைக் குட்டையாக்கிடும். பக்கத்துச் சொந்தமா இருக்கிற புல்லுன்னா சிலது ஏத்துக்கும். உங்களது தூரத்துச் சொந்தம்கூட இல்ல."

"ஜாதகம் பாக்கணும்னு சொல்றீங்களா?"

"ஜாதகம் பாத்து சொல்ல முடியாது சார். வெச்சுத்தான் பாக்கணும்."

"அப்போ வெச்சுப் பாருங்க"ன்னேன். பிரசிடென்ட் பேரைச் சொன்னேன். நிலையத்துக்குத் தண்ணி வர்ற பைப் அவர் எஸ்டேட் வழியாத்தான் வருதுன்னு, சும்மா, ஞாபகப்படுத்தினேன். அந்தம்மா கையில இருந்த புல்லைக் கீழ போட்டாங்க. அப்புறம், "சரி, எனக்கும் பாக்கணும்னு ஆசைதான்"னாங்க.

அந்த வேலையை நீங்க பாக்கணும் சார். கண்ணாடி டப்பாவுக்குள்ள இப்போதான் முளைச்ச புல்லு, தலைமுடி கனம். லென்ஸுக்கு அடியில வெச்சு, ஊசியால அடித்தண்டுல ஒரு கீறல். அதுக்குள்ள பூஞ்சை நூலை ஒரு துளி வெப்பாங்க. மூச்சு விட மாட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னு, "இன்னும் கொஞ்சம் ஆழமா, டாக்டர்"னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மேற்பார்வை வேணுமில்ல? மூணாவது தடவை போனப்போ கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டாங்க. மறதி.

முடிவு? அந்தம்மா சொன்னது மாதிரியேதான். முக்கால்வாசிப் புல்லு கீறல் பட்ட இடத்துல பழுப்பா ஒரு தழும்பு போட்டுக்கிட்டு, பூஞ்சையைத் தீர்த்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வளந்துச்சு. மீதியில பூஞ்சை பிழைச்சுது, புல்லுதான் கட்டை விரல் உயரத்துக்கு மேல வரல. வெளிறிப் போய், பொறந்த வீட்டை நினைச்சு அழற மருமக மாதிரி நின்னுச்சு.

"ஒத்துப் போகல சார்"னாங்க.

ஒத்துப் போகலயாம்! எனக்குப் புரியவே இல்ல. உள்ள வந்தவன் பாதுகாக்கத்தான் வந்திருக்கான். வேலை பாக்கத்தான் வந்திருக்கான். ஏத்துக்க வேண்டியதுதானே? அப்படி என்ன திமிரு ஒரு புல்லுக்கு? அந்தம்மாவுக்குக் கை ராசி இல்லன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம்தான் என் மூளை வேலை செஞ்சுது. பூஞ்சையைப் புல்லுக்குள்ள விட முடியலன்னா, பூஞ்சையோட வர்ற புல்லையே கொண்டு வந்துட்டா? பெங்களூர்ல ஒரு ஏஜெண்டைப் பிடிச்சேன். வெளிநாட்டு ரைகிராஸ் விதை, சொந்தப் பூஞ்சை உள்ளேயே இருக்கு, மைதானத்துக்குப் போடறது. டாக்டர்கிட்டயும் காட்டினேன், மரியாதைக்கு. கேட் பக்கத்துல நின்னு சொன்னாங்க: "நல்ல விதைதான் சார். புழு தொடாது. ஆனா ஆடு, மாடு, குதிரை எதுவும் இதை மேயக் கூடாது. நடுக்கம் வரும்."

முதல் பாதி எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ரெண்டாவது பாதி சொல்றப்போ லாரி போச்சு.

ஸ்தாபகர் புல்லை ஓரமா ஒரு பாத்தி மட்டும் விட்டுட்டு மீதியைக் கொத்தி எடுத்தோம், புதுசை விதைச்சோம். சார், அந்த வருஷம் எங்க புல்வெளியைப் பாக்க ஊட்டியில இருந்து கார் வந்துச்சு. புழு வரும், ஒரு வாய் கடிக்கும், அதோட சரி. பூபதி சார் மேடையில நின்னு, "என் புல்வெளி"ன்னு பேசினார். என் பேரைச் சொல்லல. சொன்னா மத்த மெம்பருங்களுக்குப் பொறாமை வரும், அதை யோசிச்சிருப்பார். நான் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து கை தட்டினேன்.

இங்கதான் கலீல் பாய் வர்றார். ஞாயித்துக்கிழமை மெம்பருங்க குழந்தைகளைக் குதிரையில வெச்சு சுத்தி வருவார். ஒரே ஒரு குதிரை. பழுப்புல வெளுப்பா சுழி சுழியா இருக்கும், பேரு ஜிலேபி. பாய்க்கு மகன் சவூதியிலன்னு ஊர்ல பேச்சு, ஆனா பாய் சட்டையைப் பாத்தா அப்படித் தெரியாது. ஜிலேபிதான் சம்பாதிச்சுப் போட்டுச்சு. அந்தக் கோடையில மலையில எங்கயும் பச்சை இல்ல. பாய் வந்து, "சார், மர நிழல்ல ரெண்டு மணி நேரம் கட்டிக்கட்டுமா?"ன்னு மட்டும்தான் கேட்டார். நான்தான் பெரிய மனசு பண்ணினேன். "நிழல் எதுக்கு பாய்? புல்வெளியோரமா மேய விடுங்க, பாக்கவும் அழகா இருக்கும்"னேன். பச்சைப் புல்லு, பழுப்புக் குதிரை, பின்னாடி கிளப். வந்தவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க. பாய் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். நானும் வேண்டாம்னு சொல்லல.

கொஞ்ச நாள் போச்சு. ஜிலேபி தலை ஆட ஆரம்பிச்சுது. லேசா, ஆமாம் ஆமாம்னு. பாய் பயந்துட்டார்.

"சார், இது ஏன் இப்படி ஆட்டுது?"

"எனக்கு வணக்கம் வைக்குது பாய்"ன்னேன்.

அப்புறம் காலும் பின்ன ஆரம்பிச்சுது. சும்மா நின்னா ஒண்ணும் தெரியாது. யாராவது கை தட்டினா, கதவு டப்புன்னு சாத்தினா, அவ்வளவுதான், நாலு காலும் நாலு திசைக்குப் போகும். ஒரு நாள் அந்த வழியா போன டாக்டரம்மா இதைப் பாத்துட்டு, செருப்பைக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடி வந்தாங்க. பாய் அப்போ டீ குடிக்கப் போயிருந்தார். நான் மட்டும்தான்.

"சார், என்ன பண்றீங்க! இந்தப் புல்லை மேய வேண்டாம்னு சொன்னேனே! வெயில்ல புல்லு வளரல, குதிரை அடி வரைக்கும் கடிக்குது. அடித்தண்டுலதான் விஷம் அதிகம். இப்பவே நிறுத்துங்க. மருந்தே வேண்டாம், வேற தீனி போட்டா தானா சரியாயிடும். பாய்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க."

"சொல்றேன்"னேன்.

சொல்லல. ஏழை மனுஷனை எதுக்கு சார் வீணா பயமுறுத்தறது? அதுவும் இல்லாம, ஸ்தாபகர் நாள் வந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்குப் பிரசிடென்ட் குதிரையில ஏறி, புல்வெளியைக் குறுக்கா கடந்து வந்து கொடியேத்தணும். அது பழைய வழக்கம். பூபதி சாரோட சொந்தக் குதிரை முன்னாடியே செத்துப் போச்சு, அவர் கனத்தைத் தாங்கினதுலயான்னு எனக்குத் தெரியாது. "அந்த ஜிலேபியையே வெச்சுக்கலாம், சார்"னு நான்தான் ஏற்பாடு பண்ணியிருந்தேன். இந்த நேரத்துல போய் டாக்டர் சொன்னதைக் கேட்டா விழா என்னாகறது? அந்தம்மாவுக்கும் ஒரு பொறாமை, தன்னால முடியாததை நான் முடிச்சுக் காட்டிட்டேனேன்னு. எனக்குத் தெரியாதா?

விழா அன்னிக்கு, அடடா. பாண்டு வாத்தியம், குடை, பந்தல், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து யாரோ ஒருத்தர். பூபதி சார் தொப்பியும் பூட்ஸுமா ஏறி உக்காந்தார். பாய் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஜிலேபி காதுல ஏதோ ஓதிக்கிட்டே நடந்தார். பாதி தூரம் நல்லாத்தான் வந்துச்சு. அப்போதான் பாண்டுக்காரன் டிரம்மை ஒரு போடு போட்டான்.

சார், குதிரை விழுந்து நீங்க பாத்திருப்பீங்க. உக்காந்து பாத்திருக்கீங்களா? நாய் உக்காருமே, அந்த மாதிரி, பின்னங்காலை மடிச்சு நடு மைதானத்துல உக்காந்துச்சு. பிரசிடென்ட் முதுகு வழியா வழுக்கி, வாலைத் தாண்டி, என் புல்லு மேல வந்து சேந்தார். அடி ஒண்ணும் படல. புல்லு அவ்வளவு மெத்து. வெள்ளை பேண்டுல பச்சைக் கறை மட்டும். அது போகவே இல்லன்னு டோபி அப்புறம் சொன்னான். ஜிலேபி எந்திரிக்கப் பாக்குது, முடியல. உடம்பு பூரா உதறுது. கண்ணு ரெண்டும் பெருசா, எல்லாரையும் மாத்தி மாத்திப் பாக்குது.

மெம்பர்ல ஒருத்தர் கால்நடை டாக்டர், எப்பவோ ரிட்டயர் ஆனவர். கையில கிளாஸோட வந்து பாத்துட்டு, "வெறி பிடிச்சிருக்கலாம். ஊசி போட்டு முடிச்சிடறது நல்லது"ன்னார்.

கலீல் பாய் அப்படியே புல்லு மேல விழுந்து, அது கழுத்தைக் கட்டிக்கிட்டார். "என்னைப் போடுங்க சார், என்னைப் போடுங்க"ன்னு கத்தினார். பாண்டுக்காரங்க வாத்தியத்தை நிறுத்திட்டாங்க. அப்போ கூட்டத்தை விலக்கிக்கிட்டு டாக்டர் ஹெப்சிபா வந்தாங்க. பட்டுப் புடவையோட மண்டி போட்டு உக்காந்து, குதிரை நெத்தியில கை வெச்சு, "சத்தம் போடாம தள்ளி நில்லுங்க. குதிரைக்கு ஒரு வியாதியும் இல்ல. இந்தப் புல்லுதான்"னாங்க.

"என் புல்லா?"ன்னார் பூபதி சார்.

யாரும் பேசல. அந்த அமைதியில ஜிலேபி மெதுவா எந்திரிச்சு நின்னுச்சு. சத்தமில்லன்னா அது நிக்கும், சொன்னேனில்ல. பாய் ஒரு பக்கம், டாக்டரம்மா ஒரு பக்கம், கைத்தாங்கலா பிடிச்சுக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. ஊசி போட்டுடுவாங்களோன்னு பயம். திரும்பிக்கூடப் பாக்கல.

அன்னிக்கே கமிட்டி கூடிச்சு. புல்லு மேல தப்புன்னா பிரசிடென்ட் மேல தப்பு. அது எப்படி இருக்க முடியும்? அதனால தப்பு குதிரை மேலதான்னு ஒரு மனசா முடிவாச்சு. நோய்க் குதிரையைக் கொண்டு வந்ததுக்காகக் கலீல் இனிமே கிளப் எல்லைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. அதைப் போய்ச் சொல்ற பொறுப்பு எனக்கு. மறுநாள் நிலையத்துல மாட்டுக் கொட்டகைக்குப் போனேன், குதிரையை அங்கதான் கட்டியிருந்தாங்க. பாய் ஜிலேபிக்கு வைக்கோல் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தார். சொன்னேன்.

கையில இருந்த வைக்கோலைப் போட்டு முடிச்சார். அப்புறம், "சார், நீங்கதானே மேயச் சொன்னீங்க?"ன்னார்.

"பாய், அது தணிகாசலமா சொன்னது. இது செயலாளரா சொல்றது"ன்னேன். கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல சார்? அவருக்கு அது புரியல. படிப்பு இல்லாதவர். டாக்டரம்மா உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு, "பாய்கிட்ட அன்னிக்கே சொன்னீங்களா சார்?"னு கேட்டாங்க. எனக்கு கிளப்புல வேலை இருந்துச்சு, கிளம்பி வந்துட்டேன்.

சில வாரத்துல குதிரை சரியாயிடுச்சு. மருந்தில்லை, மாயமில்லை, வைக்கோலும் தண்ணியும்தான். பாய் என்ன செஞ்சார் தெரியுமா? சண்டைக்கு வரல. காலையில மெம்பருங்க முன்னாடி உக்காந்து காபி குடிக்கிற நேரமாப் பாத்து, ஜிலேபியைக் கேட்டுக்கு வெளிய, ரோட்டு மேல, நடத்திக்கிட்டுப் போவார். போவார், வருவார். அவ்வளவுதான். கோடு போட்ட மாதிரி நடை. ரோடு பொது ரோடு, யார் என்ன சொல்ல முடியும்? லாரி ஹாரன் அடிச்சாலும் ஒரு காது கூட ஆடாது. மெம்பருங்க கப்பைக் கீழ வெச்சுட்டுப் பாப்பாங்க. "இது அந்தக் குதிரைதானே?" "குதிரை நல்லாத்தானே இருக்கு?" "அப்போ புல்லுதானா?" "நம்ம நாயெல்லாம் அதுல உருளுதே!" கடைசியா கேள்வி வந்து நின்ன இடம், "விதையை யார் வாங்கினது?"

பூபதி சார் என்னைக் கூப்பிட்டார். முதல் தடவையா பெரிய ஹாலுக்குள்ள. உக்காரச் சொல்லல, முதுகுவலி அவருக்கும் தெரியும்போல. "மிஸ்டர் சலம், இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்"னார்.

நான் வருத்தப்படல சார். நல்லாக் கேளுங்க. அவர் வாயாலதான் அப்படிச் சொன்னார். கண்ணு வேற சொல்லுச்சு. 'ஊருக்காகச் சொல்றேன், கொஞ்சம் ஆறட்டும், திரும்பக் கூப்பிடறேன்'னு கண்ணு சொல்லுச்சு. இருபது வருஷம் பழகினவனுக்குத்தான் அது புரியும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்னிருந்தார், இருந்தாலும் புரிஞ்சுது.

புல்லையெல்லாம் பிடுங்கிக் கொளுத்திட்டாங்க. இப்போ அங்க என்ன தெரியுமா? பிளாஸ்டிக். பச்சை பிளாஸ்டிக் புல்லு, சுருட்டிக் கொண்டு வந்து விரிச்சாங்க. புழுவும் வராது, குதிரையும் வராது. மெம்பருங்க கையால தடவிப் பாத்து, 'அப்படியே ஸ்தாபகர் புல்லு மாதிரி இருக்கு'ன்னாங்க. எதோட எது ஒத்துப் போகும்னு யாரால சார் சொல்ல முடியும்?

இன்னிக்குக் காலையில வீட்டைக் காலி பண்ணினேன். கிளப்புல யாரும் வெளிய வரல, வேலை நேரம். பெட்டியைத் தூக்கிட்டு எப்படி இந்த மேட்டுல ஏறறதுன்னு நிக்கறேன், பின்பக்க கேட்டுல கலீல் பாய், ஜிலேபியோட. எல்லைக்குள்ள வரல, வெளியவே நின்னார். பெட்டியை வாங்கிக் குதிரை மேல வெச்சுக் கயிறு கட்டினார். எதுக்கு வந்தார்னு எனக்குத் தெரியும் சார். குதிரை எவ்வளவு நல்லா நடக்குதுன்னு எனக்குக் காட்டறதுக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காட்டினார். பெட்டியை பஸ்ஸுல ஏத்தி, ஒரு பன்னும் வாங்கிக் குடுத்தார். அதுவும் காட்டறதுக்குத்தான்.

வழியில நிலையத்து வாசல்ல டாக்டரம்மா நின்னாங்க. "சார், அன்னிக்கு ஊசியால வெச்சோமே, அதுல ஒரே ஒரு குட்டைப் புல்லு இப்போ நல்லா வளருது. பூஞ்சையும் உள்ள உயிரோட இருக்கு"ன்னாங்க. முகம் அப்படியே குழந்தை மாதிரி.

"பாத்தீங்களா, என் யோசனை!"ன்னேன்.

"இன்னும் சொல்ல முடியாது சார். அது பூத்து, விதைக்குள்ள பூஞ்சை போச்சுன்னாத்தான் ஒத்துப் போச்சுன்னு அர்த்தம்"னாங்க.

எனக்கு ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. "டாக்டர், நம்ம புல்லைக் கொளுத்தினாங்களே, உள்ள இருந்த பூஞ்சை?"

"அதுவும் போயிருக்கும் சார். புல்லு தனியா வாழும். அந்தப் பூஞ்சைக்குப் புல்லை விட்டா வேற போக்கிடம் இல்ல."

பாவம் சார் அது. கடைசி வரைக்கும் வேலைதான் பாத்துச்சு.

எங்க விட்டேன்? இருங்க, போன் அடிக்குது. பாருங்க நம்பரை! கிளப்! கிளப்புல இருந்து! நான் சொல்லல? ஒரு நாள்கூட ஆகல! கொஞ்சம் சத்தம் போடாதீங்க சார்...

ஹலோ, தணிகாசலம் பேசறேன். சொல்லுங்க. ஆமா. ஆமா, என்கிட்டதான் இருக்கு. அவசரத்துல பாக்கெட்லயே... திரும்பி வர்றேனே, அடுத்த பஸ் பிடிச்சா... இல்லையா? சரி. சரி. வெச்சுட்டீங்களா? ஹலோ?

ஒண்ணுமில்ல சார். வீட்டுச் சாவி. புதுசா வந்தவர் பெட்டியோட வாசல்ல நிக்கறாராம். எதிர்ல மேல போற பஸ் டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்பச் சொல்றாங்க. நேர்ல வர வேண்டாம், வர வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னாங்க. நான் அலையக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை பாருங்க! குஞ்சப்பனை செக்போஸ்ட்டுல ரெண்டு பஸ்ஸும் நிக்கும். இதோ வந்துடுச்சு. கொஞ்சம் இருங்க, இறங்கிக் குடுத்துட்டு ஓடி வந்துடறேன். பெட்டியைப் பாத்துக்கோங்க.

...குடுத்துட்டேன் சார். என்ன டிரைவர், ஒரு விஷயம் புரிய மாட்டேங்குது அந்த ஆளுக்கு. "யார்கிட்டக் குடுக்கணும்?"னு கேட்டான். "கிளப் செயலாளர்கிட்ட"ன்னேன். "யார் குடுத்ததா சொல்லட்டும்?"னான். "கிளப் செயலாளர்"னேன்.

அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "ஒரே ஆளா சார், ரெண்டு ஆளா?"ன்னான்.

நீங்க எதுக்கு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறீங்க?